சுலோசனா துவைத்த விரிப்பு

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் காலை, மொட்டை மாடிக் குழாயடியில் உட்கார்ந்து சுலோசனா ஒரு வெள்ளை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டு அடிக்கிற துவையல் இல்லை அது. எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, வெட்டின முகத்தில் கல்லுப்பைத் தொட்டு, விரிப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்த துருக்கறையின் மேல் ஒவ்வொரு கோடாகத் தேய்த்தாள். தேய்த்த இடம் வெயிலில் காய வேண்டும். பிறகு மறுபடி நனைத்து மறுபடி தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் துணி போகும், கறை போகாது.

"ஏன்டி, வண்டிக்கு ஒன்னாச்சும் மிச்சம் வெய்யி. எல்லாப் பழத்தையும் துணிக்கே பிழிஞ்சுட்டா நாளைக்கு டயருக்கடியில என்னத்த வெக்கறது, தக்காளியா?" என்றான் சந்திரன்.

"வெச்சுப் பாருங்க. உங்க வண்டி ஒன்னும் கோவிச்சுக்காது."

அவன் பக்கத்தில் குந்தி, கம்பி பிரஷ்ஷால் ஒரு கட்டிலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கட்டில் என்றால் படுக்கிற கட்டில் இல்லை. கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுக் கம்பிகளை வலை மாதிரிக் கட்டி, நாலு கால் வைத்து நிறுத்திய ஒன்று. மகள் அனுப்ரியா ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். மழைக்காலம் தொடங்குமுன் அப்பாவிடம் கம்பி கேட்டு வாங்கி, அவளே கட்டி, மேலே இந்த விரிப்பைப் போட்டு மாடியில் விட்டிருந்தாள். என்ன கண்ணு இது என்று கேட்டபோதெல்லாம், "காலேஜ் வேலைம்மா, சொன்னா புரியாது. யாரும் நகர்த்தாதீங்க" என்பாள். மழை முழுக்க அதன்மேல்தான் பெய்தது. கம்பி துருப்பிடித்து, துரு விரிப்பில் இறங்கி, விரிப்பு முழுக்கச் செங்கல் நிறத்தில் கட்டம் கட்டமாகக் கறை. பிள்ளை பாடுபட்டுக் கட்டியது மழையில் வீணாகிவிட்டதே என்று இருவருக்கும் மனசுக்குள் இருந்தது.

அதோடு கீழ்வீட்டுக் கமலம்மாளின் வாயும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரம்மா. இரண்டு நாள் முன்னால் துணி காயப்போட மேலே வந்தவள், "சந்திரா, பூஜைக்கு நம்ம வீட்டுக்குச் சம்பந்தி வர்றாங்க. இந்தக் கம்பியப் பாத்தா நான் மாடி கட்ட ஆரம்பிச்சு முடியாம நிறுத்திட்டேன்னுதான் நெனப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது சந்திரனுக்குச் சுட்டது. கம்பி கட்டும் மேஸ்திரி அவன். துரு ஏறிய கம்பி வானத்தைப் பார்த்து நிற்கிற கட்டடம் என்றால், பாதியில் நின்ற வேலை என்று அர்த்தம். கான்கிரீட் போடுமுன் எந்த எஞ்சினியர் வந்தாலும் முதலில் பார்ப்பது துருவைத்தான். துருவைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. அதுவும் ஆயுதபூஜை. வீட்டில் இருக்கிற இரும்பெல்லாம், அரிவாள்மணையிலிருந்து ஸ்பானர் வரைக்கும், குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிற நாள். மகள் கட்டிய இரும்பு மட்டும் அழுக்காக நிற்பதா?

அனுப்ரியா தோழி வினிதாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சாமராஜநகர் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் புதுசாக்கி வைத்துவிடலாம் என்பது இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். சந்திரன் சுரண்டி முடித்து, கூட வேலை செய்யும் ஜடையனின் டெம்போவிலிருந்து பழைய எஞ்சின் ஆயில் வாங்கி வந்து கம்பி முழுக்கத் தடவினான். கட்டில் கறுப்பாக மின்னியது.

கறையைப் பார்ப்பது சுலோசனாவுக்குப் பிழைப்பு. மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியின் விருந்தினர் விடுதியில், லினன் ரூமில் வேலை. சலவையிலிருந்து வருகிற விரிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறை தெரிந்தாலும் ரிஜெக்ட் பக்கம் போட வேண்டும். "சுலோசனாக்கா கண்ணுல லென்ஸ் வெச்சுப் பொறந்தவங்க" என்று சூப்பர்வைசர் ஜீவிதா சொல்வாள். ரிஜெக்ட் ஆனவற்றை வருடம் முடிந்ததும் வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். மாடியில் கிடந்த விரிப்பும் அப்படி வந்ததுதான்.

இருவரும் பிறந்தது கௌதள்ளி என்கிற கிராமத்தில். கல்யாணம் ஆன கையோடு மைசூருக்கு வந்தவர்கள், பல வருடம் கட்டுகிற கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். ஒரு கட்டடத்துக்குத் தளம் போட்டுப் பூச்சு முடிந்தால் அடுத்த கட்டடம். சுலோசனா சித்தாளாகச் சட்டி தூக்கினாள். முட்டி தேய்ந்த பிறகு யாரோ சொல்லி லினன் ரூம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மேட்டகள்ளியில் இந்த வாடகை வீடு, கதவு, அதற்கொரு பூட்டு எல்லாம்.

கலை என்று அவள் தனியாக யோசித்ததில்லை. டிவியில் சின்னப் பிள்ளைகள் ஆடுவது கலை. அரண்மனை லைட்டுப் போட்டால் அது கலை. பார்த்தால் மனசுக்கு நன்றாயிருக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோது, பூவும் மயிலும் வரைவாள் என்று நினைத்துச் சரி என்றாள். மகள் மூன்று வருடமாக ஒரு மயிலும் வரையவில்லை.

*

பூஜையன்று மத்தியானம் அனுப்ரியா வந்தாள். பையைக் கூட வைக்கவிடாமல் மேலே கூட்டிப்போனார்கள். கட்டில் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திச் சரம் போட்டு நின்றது. கொடியில் விரிப்பு வெள்ளையாக ஆடியது.

அவள் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். தண்ணித் தொட்டித் திட்டில் உட்கார்ந்தாள்.

"எப்படி கண்ணு?" என்றாள் சுலோசனா, கையில் பொரியும் கடலையும் வைத்த தட்டோடு.

"நகர்த்தாதீங்கன்னு சொன்னேன்ல."

"நகர்த்தவே இல்ல சாமி," என்றான் சந்திரன். "இருந்த எடத்துலயே வெச்சுத்தான் தேச்சோம்."

அனுப்ரியாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை. "அப்பா, அந்தத் துருதான் வேலையே. ஜூன்ல இருந்து மழைக்கு வெச்சு, மழை இல்லாத நாளெல்லாம் உப்புத்தண்ணி ஊத்தி, அந்தக் கறையைத்தான் நான் பண்ணிட்டிருந்தேன்."

வீட்டில் உப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்பது சுலோசனாவுக்கு அப்போது விளங்கியது.

"கறையையா?" என்றாள்.

"கறையைத்தான். லீவு முடிஞ்ச உடனே கண்காட்சி. வெளிய இருந்து ஒரு மேடம் வந்து பாத்து மார்க் போடுவாங்க. வெக்க ஒன்னும் இல்லன்னா வருஷம் போச்சு. திரும்ப ஒரு வருஷம் உக்காரணும்."

"அத நீ எங்ககிட்டச் சொல்லியிருக்கணும்ல."

"சொன்னா உங்களுக்குப் புரியுமா?"

"புரியாமப் போயிருந்தாலும், தொடாம விட்டிருப்போமே," என்றாள் சுலோசனா.

 சந்திரன் இடையில் புகுந்தான். "நான் சென்ட்ரிங்ல ஒரு புள்ளி துரு விட்டா எஞ்சினியர் எங்கப்பன் பேரச் சொல்லித் திட்டுவான். உங்க காலேஜுல துருவுக்கு மார்க்கா? நல்ல காலேஜு." பிறகு குரல் இறங்கியது. "சரி விடு. துரு தானே, நான் ஏத்தித் தர்றேன். துரு ஏத்த என்ன பெரிய படிப்பா வேணும்?"

அன்று சாயங்காலமே ஒரு பக்கெட் உப்புத்தண்ணீரைக் கரைத்துக் கட்டிலின் மேல் ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. ஆயில் பூசிய கம்பி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்தான். கம்பி கட்டுக்குள் இருந்த ஆயில் வெளியே வந்துகொண்டே இருந்தது. மறுநாள் கட்டு போட்ட சில இடங்களில் மட்டும் மஞ்சளாக லேசாகப் பூத்திருந்தது. கமலம்மாள் கீழிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சந்திரா, நேத்துக் குளிப்பாட்டின, இன்னிக்கும் குளிப்பாட்டற, கம்பிக்குக் காய்ச்சலா?" என்றாள். அவன் பதிலுக்கு வாளியை டொக்கென்று வைத்தான்.

அனுப்ரியா கல்லூரியில் மஞ்சுநாத் சாருக்குப் போன் செய்தாள். போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டிவிடு என்றாராம். அவளிடம் போட்டோ இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

*

விஜயதசமி கழிந்த காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் சுலோசனா கொடியிலிருந்து விரிப்பை எடுத்தாள். எடுத்ததும் கை தானாக அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது. வருடக்கணக்கான பழக்கம். தொட்டிக்கு மேலே சூரியன் இருந்தான். படுக்க வைத்துப் பார்த்தபோது வெள்ளையாக இருந்த துணியில், வெளிச்சம் ஊடுருவியதும், எல்லாக் கோடும் இருந்தது. தேநீர் சிந்திக் கழுவின மாதிரி, வெளுத்து, ஆனால் கட்டம் கட்டமாக.

"போகல," என்றாள் தனக்குள். "ரிஜெக்ட்."

"அம்மா, கொஞ்சம் அப்படியே நில்லு."

விரிப்பின் அந்தப் பக்கம் அனுப்ரியா படியேறி வந்து நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது விரிப்பும், அதற்குப் பின்னால் தூக்கிய இரண்டு கையும், தலையும், எல்லாவற்றின் மேலும் அந்தக் கோடுகளும்.

"கை வலிக்குதுடி. பஸ்ஸு வந்துரும்."

"ரெண்டே நிமிஷம். அம்மா, என் ஸ்கூல் யூனிபார்ம்ல இப்படித்தான இருக்கும்?"

சுலோசனா விரிப்பை இறக்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் பார்த்தே பேசினாள். "பின்ன? கம்பி மேல ஏறாதன்னா கேப்பியா. வெள்ளச் சட்ட போட்ட நாளெல்லாம் போய் உங்கப்பா கட்டி வெச்ச கம்பி வல மேலதான் உக்காருவ. டீச்சரு உன்ன வெளிய நிக்க வெச்சாங்கன்னு அழுதுட்டு வந்தியே. அப்பறம் நான் ஞாயித்துக்கிழமை பூரா எலுமிச்சம்பழத்த வெச்சுத் தேப்பேன். அப்பவும் போகாது. இப்படித்தான், நிழலாட்டம் நிக்கும்."

"எனக்கு அது ஞாபகம் இருக்கு. அதுக்குத்தான் இதைப் பண்ணினேன். துரு ஞாபகம் இருந்துச்சு. நீ தேச்சது மறந்துட்டேன்."

"அத எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்? துணின்னா துவைக்கத்தான வேணும்."

"இப்ப இறக்கு," என்றாள் அனுப்ரியா. "மடிக்காத. அயர்ன் பண்ணாத. இப்படியே வெக்கப் போறேன். உன்கிட்டச் சொல்லிட்டேன், புரியுதா?"

"இப்பச் சொன்னீல்ல, செய்ய மாட்டேன்," என்று சுலோசனா விரிப்பை அவள் தோளில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

கட்டில் மாடிப்படியில் இறங்காது. கட்டவிழ்த்து, கம்பியாக இறக்கி, ஜடையனின் டெம்போவில் ஏற்றி, கல்லூரி அறையில் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. மகள் கட்டிய கட்டுகளைச் சந்திரன் அவிழ்க்கும்போதே, "இது கட்டா, பொம்மைக்கு ரிப்பனா" என்று முனகினான். கல்லூரியில் அவனே கட்டினான். ஜடையன் கம்பி எடுத்துக் கொடுத்தான். சந்தனம் குங்குமத்தை அழிக்கலாமா என்று கேட்டதற்கு அனுப்ரியா வேண்டாம் என்றாள்.

அந்த வெளியூர் மேடம் வந்த நேரம் சந்திரன் அறையில்தான் இருந்தான். ஒரு கட்டு தளர்ந்திருக்கிறது என்று ஒதுங்கி உட்கார்ந்து முறுக்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் சுலோசனாவுக்கு முழுக்கச் சொன்னான்.

"அந்தம்மா சுத்திச் சுத்திப் பாத்தாங்க. விரிப்பத் தூக்கி மேல தொங்கவிட்டிருக்கா, பின்னால லைட்டு. கோடு நல்லாத் தெரியுது. கீழ கட்டிலு. 'இதுல உன்னோட வேலை எது'ன்னு கேட்டாங்க. இவ விரிப்பையே பாத்துட்டு நிக்கறா.  கட்டுனது நாந்தான், கெடுத்ததும் நாந்தான்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு."

"சொல்லிட்டீங்ளா?"

"ஜடையன் இடுப்புல கிள்ளிட்டான்."

"அவன் ஒருத்தனாச்சும் வெவரமா இருந்தான். அப்பறம்?"

"அப்பறம் இவளே சொன்னா. கன்னடத்துல, நல்லாச் சொன்னா. எங்கப்பாவுக்குத் துருன்னா சுரண்டணும். எங்கம்மாவுக்குக் கறைன்னா துவைக்கணும். எனக்கு அது ரெண்டும் அப்படியே இருக்கணும். மூணு பேரும் ஒரே துணி மேல அவங்கவங்களுக்குச் சரின்னு பட்டதப் பண்ணிருக்கோம். அத எடுத்தாந்து எல்லாரும் பாக்கற எடத்துல வெச்சதுதான் என் வேலைன்னா."

சுலோசனா ரசத்தை ஊற்றியவள் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். "அதுக்கு அந்தம்மா?"

"'அவ்வளவு போதுமா, கலைன்னு சொல்றதுக்கு'ன்னாங்க. இவ, 'தெரியல மேடம், தெரிஞ்சுக்கத்தான் வெச்சிருக்கேன்'னா. எனக்கே கோவம் வந்துச்சு. தெரியலன்னா சொல்லுவாங்க, பரிட்சையில? ஆனா அந்தம்மா சிரிச்சாங்க. மஞ்சுநாத் சாரு என்னப் பாத்து 'பரவாயில்ல'ன்னாரு. எடுத்துட்டுப் போகச் சொல்லல. அப்ப பாஸுதான்."

"பாஸுப்பா," என்றாள் உள்ளேயிருந்து அனுப்ரியா. "சார் மெசேஜ் போட்டுட்டார்."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் இங்க கதாகாலட்சேபம் பண்ணிட்டிருக்கேன்."

"நீங்க சொல்றதுதான் நல்லாருந்துச்சு."

*

பொதுமக்கள் பார்க்கிற நாளன்று சுலோசனா ஜீவிதாவிடம் அரை நாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு, பச்சைப் புடவை கட்டிப் போனாள். அறை வாசலில் மகள் காத்திருந்தாள். உள்ளே யாரோ ஒரு கணவன் மனைவியும், கல்லூரிப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். எல்லாரும் விரிப்பின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். லினன் ரூமில் அவள் பார்ப்பது போலவேதான். ஆனால் பார்த்துவிட்டு யாரும் எதையும் ஒதுக்கிப் போடவில்லை. இன்னொரு தரம் பார்த்தார்கள். சுலோசனாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, தன் வீட்டுத் துணிக்கொடியை ஊர் பார்க்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அது பழகிவிட்டது.

சுவரில் சின்னதாக ஓர் அட்டை ஒட்டியிருந்தது. கன்னடத்தில். பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் அவளுக்கு எழுத்து தெரியும். மகள் வாசித்தாள்.

"கம்பி, கட்டுக்கம்பி, விரிப்பு, மழை, உப்பு, எஞ்சின் ஆயில், எலுமிச்சை, சந்தனம், குங்குமம்."

"மளிகை வாங்கப் போற மாதிரி இருக்குது. மழையக் கூடவா எழுதுவாங்க?"

"எதை வெச்சுப் பண்ணினோமோ அதை எழுதணும். கீழ பேரு இருக்கு பாரு. அனுப்ரியா, சுலோசனா, சந்திரன்."

"உங்கப்பா பாத்தாரா?"

"பாத்தார். 'எம்பேரு எதுக்கு, இன்னும் கான்கிரீட்டே போடலியே'ன்னார்."

சுலோசனா சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரிப்பின் முன்னால் வந்து நின்றாள். பின்னாலிருந்த விளக்கில் கோடுகள் தெரிந்தன. வலது மூலையில், தான் அதிகம் தேய்த்த இடத்தில், கோடு ஏறக்குறைய இல்லை. அந்த இடத்தில் பழம் தீர்ந்துபோய்ப் புதுப்பழம் வெட்டியது ஞாபகம் வந்தது. அவள் கை போன போக்கெல்லாம் துணியில் அப்படியே இருந்தது. இதுவரை அவள் துவைத்த துணி எதிலும் அது தெரிந்ததில்லை. தெரியாமல் இருந்தால்தான் நல்ல துவையல்.

"அம்மா," என்றாள் அனுப்ரியா, மற்றவர்கள் நகர்ந்த பிறகு. "ஒன்னு கேக்கறேன், ஒளிக்காம சொல்லு. நான் முன்னாடியே சொல்லியிருந்தா, இது கலைன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, துவைச்சிருக்க மாட்டல்ல?"

சுலோசனா மகளைப் பார்த்தாள். மறுபடி விரிப்பைப் பார்த்தாள். கீழ் ஓரம் ஒரு பக்கம் மடங்கிச் சுருண்டிருந்தது. குனிந்து அதை இரண்டு விரலால் இழுத்து நேராக்கினாள். நேராயிற்றா என்று தலையைச் சாய்த்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "என் கை சும்மா இருக்குமாடி?" என்று சிரித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் விட்டிருந்த செருப்பை நோக்கி நடந்து, அறையை விட்டு வெளியே போனாள்.